பத்து இறங்கினால் வெளியாள்

ஒன்பது நாளாக அந்த வீட்டில் மிக்ஸி மட்டும்தான் வாயைத் திறந்துகொண்டிருந்தது. கணவனும் மனைவியும் ஒரே ஸ்கூட்டரில் ஒரே அலுவலகத்துக்குப் போனார்கள், ஒரே ஸ்கூட்டரில் திரும்பி வந்தார்கள். பள்ளம் வந்தால் அவர் "பிடிச்சுக்கோ" என்று சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் "பாத்துப் போங்க" என்று சொல்லவில்லை. பள்ளம் அதுபாட்டுக்கு வந்தது, போனது.

அவருக்கு அலைவரிசை ஆணையத்தில் கண்காணிப்பு அதிகாரி வேலை. வானத்தில் ஆளாளுக்கு ஒரு பட்டை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்களே, அதில் யாருடைய அலை யாருடைய வேலியைத் தாண்டி இரைச்சல் போடுகிறது என்று வேனில் சுற்றிக் கண்டுபிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். ஓர் அறிக்கைகூடத் திருத்தத்துக்கென்று திரும்பி வந்ததில்லை. அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். சொல்வது அவர் காதிலும் விழும். விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். நாமும் ஒரு மரியாதைக்குப் பாம்புச்செவியார் என்றே வைத்துக்கொள்வோம்.

மனைவி அதே ஆணையத்தில் பதிவறையைப் பார்த்துக்கொள்பவள். அவர் எழுதிய அத்தனை அறிக்கைக்கும் துளை போட்டு, நூல் கோத்து, அலமாரியில் ஏற்றியது அவள் கைதான். ஒன்பது நாளைக்கு முன்பும் அப்படித்தான் ஒன்றுக்குத் துளை போட்டாள். போட்டுக்கொண்டே கடைசிப் பக்கத்தை வாசித்தாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

அதில் இருந்தது இதுதான். அந்த நகரத்தில் செல்போன் என்றால் வெகுகாலமாக ஒரே ஒரு பெரிய கம்பெனி. அவர்கள் வைத்ததுதான் விலை. போன வருஷம் ஒரு சின்னக் கம்பெனி ஏலத்தில் பக்கத்துப் பட்டையை எடுத்து, அங்கங்கே டவர் நட்டு, பாதி விலைக்குச் சேவை கொடுக்க ஆரம்பித்தது. சனங்கள் கூட்டம் கூட்டமாக மாறினார்கள். உடனே பெரிய கம்பெனி, "இவர்கள் டவரின் அலை எங்கள் பட்டைக்குள் வழிகிறது, எங்கள் வாடிக்கையாளர் பேச்செல்லாம் பாதியில் அறுந்துபோகிறது, சக்தியை நாலில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று ஆணையத்திடம் மனு போட்டது. குறைத்தால் ஒரு டவர் நின்ற இடத்தில் இரண்டு நட வேண்டும். சின்னக் கம்பெனிக்கு அந்தத் தெம்பு கிடையாது. கடையைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்தக் கம்பெனியில் டவர் ஏறுகிற வேலையில் இருந்தான் அவள் தம்பி. நாலு வருஷம் வேலையில்லாமல் அக்கா வீட்டுச் சோபாவைத் தேய்த்துவிட்டு, இப்போதுதான் தலைநிமிர்ந்து நடக்கிறான். மாமாவோ அளந்து பார்த்து, "ஆம், வழிகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"உண்மை அதுதான்னா நான் என்ன பண்றது?" என்று முதல் நாள் ராத்திரி கேட்டார். அவள் விளக்கை அணைத்தாள். அவர்கள் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான், அதுவும் ஒருதலைப் பேச்சு.

விசாரணை நாளன்று காலையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொய் எழுதவில்லை, யாரிடமும் கை நீட்டவில்லை. மனைவியின் தம்பி அங்கே வேலை பார்ப்பதை முதல் பக்கத்திலேயே எழுதிக்கொடுத்தவர். பிறகு எதற்கு இந்த அரிப்பு? விசாரணை அறையில் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இதற்காகவே, "காலாட்டாதீங்க" என்று முட்டியில் ஒரு தட்டுத் தட்டுவாள். இன்று அவள் அறையின் மறுகோடியில் கோப்புக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். ஆடுகிற காலைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரிய கம்பெனி வக்கீல் எழுந்தார். சட்டைக் கையில் ஒரு சுருக்கமில்லை, குரலிலும் இல்லை.

"மேடம், நாங்க காசு குடுத்து வாங்கினது சுத்தமான பட்டை. பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்தையும் சேத்து வாங்கல."

சின்னக் கம்பெனிக்கு வந்திருந்த வக்கீல் ஓர் இளம்பெண். அவள் விடவில்லை. "எங்க அலை ஒண்ணும் அவங்களுக்கு இரைச்சலா இல்ல மேடம். எங்க விலைதான் அவங்க காதுல இரையுது."

அறையில் சிரிப்பு எழுந்தது. தலைவர் மேடமும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பெரிய வக்கீல் மட்டும் சிரிக்காமல் திரையில் ஒரு படத்தைப் போடச் சொன்னார்.

"சிரிப்பு நல்லதுதான். இந்த அறிக்கைய எழுதினது நாங்க இல்ல, ஆணையத்தோட சொந்த அதிகாரி. இணைப்பு நாலு. அளந்த இடம், அளந்த கருவி, அளந்த நேரம், எல்லாம் படத்துல இருக்கு."

பாம்புச்செவியார் நிமிர்ந்து பார்த்தார். சுவரளவுக்குத் தெரிந்தது படம். மருந்துக்கடை முனை, ஆணையத்து வேன், பின்னால் டவர், முன்னால் கருவியோடு அவர். வலது மூலையில் மங்கலாக ஒரு சதைத்துண்டு, படமெடுத்த வேன் டிரைவரின் கட்டைவிரல். டிரைவருக்குப் படமெடுக்க நன்றாகத் தெரியும், தன் விரல் இல்லாமல் எடுக்கத்தான் தெரியாது. அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கப்போனவர், வேனின் முன்மூடியில் இருந்ததைப் பார்த்து அப்படியே உறைந்துபோனார்.

அங்கே ஒரு பித்தளைத் துண்டு இருந்தது. நிஜத்தில் சுண்டுவிரல் நீளம். திரையில் தண்ணீர்க் குடம் அளவுக்கு மின்னியது.

அதற்குப் புத்தகத்தில் வாய் நிறையப் பெயருண்டு. அவரும் டிரைவரும் அதை "அடக்கி" என்பார்கள். ஆன்டெனாவிலிருந்து வரும் கம்பிக்கும் கருவிக்கும் நடுவில் அதைத் திருகி மாட்டினால், உள்ளே வருகிற எல்லாவற்றையும் பத்துப் படி அடக்கும். டவர் பக்கத்தில் அளக்கும்போது அது இல்லாமல் தீராது. ஒலிபெருக்கியை முழுக்கத் திருகினால் கரகரக்கும், அந்தக் கரகரப்பு பாடுகிறவர் தொண்டையில் இல்லை அல்லவா? அதே மாதிரி, அலை மிகப் பலமாக வந்து மோதினால் கருவி தானே ஓர் இரைச்சலை உண்டாக்கிக்கொண்டு, அது வெளியிலிருந்து வந்ததாகக் காட்டும். அடக்கியை மாட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிஜ இரைச்சல் பத்துப் படி இறங்கும், கருவியின் சொந்தச் சரக்கு முப்பது இறங்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் அவர் விரலை ஆட்டிச் சொல்வது இதுதான்: "பத்து இறங்கினா வெளியாள், முப்பது இறங்கினா நம்ம வீட்டுப் பிள்ளை."

அந்த அடக்கிதான் படத்தில் வேன்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று நடந்தது முழுக்க இப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. முதலில் அடக்கி இல்லாமல் அளந்தார். கருவியின் திரையில் இரைச்சல் மேடாகத் தெரிந்தது. டிரைவர் படமெடுத்தார். அடுத்து அடக்கியை மாட்டி அளந்து, அறிக்கையில் சேர்க்க இன்னொரு படமும் எடுக்க வேண்டும், அதை எடுத்து முன்மூடியில் தயாராக வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து டவரிலிருந்து இறங்கி, இடுப்பு வாரும் ஹெல்மெட்டுமாக, பல்லெல்லாம் தெரிய மச்சினன் வந்தான். "மாமா! டீ சாப்பிடலாமா?" பத்தடி தள்ளிப் பெரிய கம்பெனியின் பார்வையாளர் நோட்டும் கையுமாக நின்றிருந்தார். பாம்புச்செவியார் அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். யாரோ எவரோ என்பது போல "வேலை முடிஞ்சுது, கிளம்புறோம்" என்று கருவியைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு வேனில் ஏறிவிட்டார். அலுவலகத்தில் படிவத்தை நிரப்பும்போது, "அடக்கி வைத்துச் சரிபார்க்கப்பட்டது" என்ற கட்டத்தில் இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக டிக் போட்டது. மச்சினனுக்குச் சாதகமாக நடந்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்ற பதைப்பில் நடந்த கூத்து இது.

அறையில் ஐம்பது பேர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. படத்தான் முடியுமா, அது என்ன என்று தெரிந்தால்தானே! அவர் வாயைத் திறக்காவிட்டால் அது வெறும் பித்தளைத் துண்டு.

மதிய இடைவேளை விட்டார்கள். இரண்டு மணிக்கு அவர் சாட்சி. கேன்டீன் பக்கமே போகாமல் வேனை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

டிரைவர் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் வைத்திருந்தார். "என்ன சார், பேயடிச்ச மாதிரி வர்றீங்க?"

"மூடு. மருந்துக்கடை முனைக்கு விடு. இருபது நிமிஷத்துல போகணும்."

"சாப்பிட..."

"வந்து சாப்பிடலாம்யா!"

மருந்துக்கடை முனையில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. மருந்துக்கடைக்காரர் பாதிக் கதவை இறக்கிவிட்டு உள்ளே தலைசாய்த்திருந்தார். தையல்கடையில் மெஷின் ஓடியது. டவரின் நிழல் தெருவுக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தது. அந்த நிழலில் மச்சினன் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வேனைப் பார்த்ததும் கை பாதி உயர்ந்தது. பிறகு என்ன நினைத்தானோ, கையை இறக்கிக்கொண்டு தட்டைப் பார்த்துக் குனிந்துவிட்டான். மாமா பக்கமே போகாதே என்று அக்கா சொல்லி வைத்திருப்பாள். சோபாவில் சுருண்டு கிடந்த நாளில்கூட அந்தப் பையன் இப்படித் தலைகுனிந்து அவர் பார்த்ததில்லை.

கருவியை எடுத்து அதே இடத்தில் வைத்து, ஆன்டெனாவை அதே திசையில் திருப்பினார். மேடு தெரிந்தது, அன்றைய உயரத்துக்கே. "நான் சொன்னது சரிதான்" என்று ஒரு கணம் மனசு துள்ளியது. வெட்கக்கேடு, துள்ளத்தான் செய்தது. பாக்கெட்டிலிருந்து அடக்கியை எடுத்தார். விரல் வழுக்கியதில் மூன்றாவது தடவைதான் மரை பிடித்தது.

மேடு பத்து இறங்கவில்லை. மடமடவென்று முப்பதும் இறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது. கழற்றினார், எழுந்தது. மாட்டினார், விழுந்தது. மறுபடியும், மறுபடியும் அதே கதைதான்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பட்டையும் தெரியாது படியும் தெரியாது, ஆனால் சாரின் மந்திரம் மனப்பாடம். "நம்ம வீட்டுப் பிள்ளையா சார்?"

"ஆமாய்யா."

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. இப்பப் போய் இதச் சொன்னீங்கன்னா மச்சினனுக்காக மாத்திப் பேசுறாருன்னுதான் சொல்லுவாங்க. இத்தன வருஷம் சம்பாதிச்ச பேரு ஒரே நாள்ல காலி. சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போவுது? உங்களுக்கும் எனக்கும்தான். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். பாம்புச்செவியார் கருவியைப் பெட்டியில் வைத்து வேனில் ஏறினார். திரும்புகிற வழியெல்லாம் கால் ஆடியது. சிக்னலில் நின்றபோது வேனே லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது. பெரிய கம்பெனிக்கு இரைச்சல் வேறு எங்கிருந்தோ வரலாம், அவர்கள் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்று ஒரு சமாதானம் தேடினார். தேறவில்லை. எங்கிருந்தோ வந்தால் எங்கிருந்தோ என்று எழுதியிருக்க வேண்டும், அந்தப் பையன் தலையில் அல்லவா எழுதி வைத்திருக்கிறார்?

இரண்டு மணிக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் மைக் முன்னால் நின்றார். கால் ஆடாமலிருக்க ஒரு காலால் மறுகாலை மிதித்துக்கொண்டார்.

"மேடம், என் அறிக்கைய நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

இணைப்பு நாலை மறுபடி போடச் சொல்லி, நடந்து போய்த் திரையிலிருந்த பித்தளைத் துண்டின்மேல் விரலை வைத்தார். அது என்ன, எங்கே இருந்திருக்க வேண்டும், டிக் எப்படி விழுந்தது, மதியம் என்ன பார்த்தார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மச்சினன் டீ சாப்பிடக் கூப்பிட்டதையும் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அதை விட்டுவிட்டு மீதியை எப்படிச் சொல்வது?

இளம் வக்கீல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"காலையில வரைக்கும் இல்லாத ஞானம், சாப்பிடப் போன இடத்துல வந்துதாக்கும்."

"சாப்பிடலீங்க."

"வீட்டுல ரொம்ப நெருக்கடியோ?"

"வீட்டுல என்கூட ஒன்பது நாளா யாரும் பேசல. நெருக்கடி குடுக்கணும்னாலும் பேசணுமில்ல?"

மறுபடியும் சிரிப்பு. மறுகோடியில் கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு தலை குனிந்துகொண்டது. வக்கீல் இந்தத் தடவை தானும் சேர்ந்து சிரித்தார். அதுதான் ஆபத்து.

"சரி, நம்புறேன். நீங்க நேர்மையானவர்தான். கையே தானா டிக் போட்டுடுச்சு, அவ்வளவு பழக்கம். அப்ப ஒரே ஒரு கேள்வி. இருபத்திரண்டு வருஷத்துல எத்தன தடவ அது அப்படித் தானா போட்டுச்சு?"

கேள்வி காதில் விழுந்த அதே கணத்தில் பாம்புச்செவியார் கண்முன் வந்து நின்றது ஒரு டாக்ஸிக்காரர் முகம். பதினாலு வருஷத்துக்கு முன் முப்பது கார் வைத்து, காருக்குக் கார் வயர்லெஸ் பேசித் தொழில் நடத்தியவர். அந்த வயர்லெஸ் தீயணைப்புத் துறையின் பட்டைக்குள் வழிகிறது என்று இவர் எழுதினார். உரிமம் போயிற்று, கார்களும் போயின. இப்போது அவர் யாருடைய காரையோ ஓட்டுகிறார். போன வருஷம் மழையில் தெரியாமல் அவர் காரிலேயே ஏறிவிட்டார் பாம்புச்செவியார். டாக்ஸிக்காரர் இவரை அடையாளம் கண்டுகொண்டார், வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும் தானே இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"காலையில கேட்டிருந்தீங்கன்னா, ஒரு தடவகூட இல்லன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்" என்றார் பாம்புச்செவியார். "இப்ப முடியாது. பாத்துத்தான் சொல்லணும்."

தலைவர் மேடம் உத்தரவு சொன்னார். வேறு இரண்டு அதிகாரிகள் புதிதாக அளக்க வேண்டும், அதுவரை சின்னக் கம்பெனி இப்படியே நடக்கலாம். இந்த அதிகாரி அதுவரை வேனில் ஏறக்கூடாது, தன் பழைய அறிக்கைகளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பட்டியல் கொடுக்க வேண்டும். வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் இரண்டு பேர், "மச்சினன் பொழச்சான்டா" என்று சொல்லிக்கொண்டு போவது நன்றாகக் கேட்டது. பாம்புச்செவி ஆயிற்றே.

பதிவறையில் அவருக்கு முன்பே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீள மேசைமேல் இருபத்திரண்டு வருஷமும் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒரு டிபன் பாக்ஸ் திறந்திருந்தது, அவளுடையது, தொடாமல் அப்படியே இருந்தது.

"முதல்ல சாப்பிடுங்க" என்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. குரல் இன்னும் முழுக்க இளகவில்லை.

"உன் தம்பிக்காகச் சொல்லல."

"எனக்குத் தெரியும். அவனுக்காகச் சொல்ற ஆளா இருந்தா நான் ஏன் ஒன்பது நாள் பேசாம இருக்கேன்? சாப்பிடுங்க. அந்தச் சாமான எடுத்துக் காட்டுங்க, எதத் தேடணும்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அவர் அடக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதல் கட்டின் நூலை அவிழ்த்தாள். கம்பியின் நுனியில் பித்தளை தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, துணிக்கடையில் சேலையில் ஓட்டை தேடுகிற மாதிரிப் பார்த்தாள். "இதுல இருக்கு." வலப்பக்கம் வைத்தாள். "இதுலயும் இருக்கு." பத்து, பதினைந்து என்று வலப்பக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வர ஆரம்பித்தது. சோறும் இறங்கியது.

பதினாலு வருஷத்துக்கு முந்தைய கட்டு வந்ததும் அவள் நடுவிலிருந்து ஒன்றை நேராக உருவினாள். அவளுக்கும் அது ஞாபகம் இருந்திருக்கிறது. மழையில் நனைந்து வந்த அன்று, கதவைத் திறந்துவிட்டது யார் என்று அவளிடம் சொல்லியிருந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தாள். அவர் பக்கம் நகர்த்தினாள்.

சாயம் மங்கிய படம். டாக்ஸி நிலையம், பழைய வேன், தலை நிறைய முடியோடு அவர். கருவி தெரிந்தது. கருவியிலிருந்து கம்பி தெரிந்தது. கம்பி வந்து சேருகிற இடத்தில், அடக்கி இருந்தால் எங்கே இருக்குமோ மிகச் சரியாக அந்த இடத்தில், அதே டிரைவரின் கட்டைவிரல் பெரிதாக மறைத்துக்கொண்டிருந்தது.

அவர் படத்தை விளக்கின் கீழே கொண்டுபோனார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

"சாய்ச்சா தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இத எந்தப் பக்கம் வைக்கிறது? இருக்குங்கிற பக்கமா, இல்லங்கிற பக்கமா?"

அவருக்குத் தெரியவில்லை. இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. மேசைக்கடியில் கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. மேசை ஆடியது, அதன்மேல் இருந்த அடக்கி மெல்ல உருண்டு டிபன் பாக்ஸில் முட்டி நின்றது. அவள் காலைத் தட்டவில்லை, ஆட்டாதீங்க என்றும் சொல்லவில்லை.

"தனியா வை" என்றார் கடைசியில். "அதுல அந்த டாக்ஸிக்காரரு விலாசம் இருக்கும், அத மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடு."